ஒன்றரை மணிக்கு மேல் கிடைக்கும் பாதி நாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கிடங்கில் விடிகாலை ஷிப்ட் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. காலை 5 மணிக்கு உள்ளே போனால் மதியம் 1.30-க்கு வெளியே வந்துவிடலாம். மற்றவர்களுக்கு இன்னும் பாதி வேலை கிடக்கும்போது நமக்கு நாள் முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் பாதி நாளில் இன்னொரு வேலை பார்த்தால் என்ன?

என் ஷிப்ட்டில் இருந்த ஒருவர் அந்தக் கணக்கைப் போட்டார், போட்டபடி நடந்தும் காட்டினார். அப்போது நான் சூப்பர்வைசர். அவருடைய வருகைப் பதிவு, ஸ்கேனர் பதிவு, அவரே கைப்பட எழுதிய தூக்கக் குறிப்புகள், நாங்கள் பேசிக்கொண்டவை, இவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத அவர் சம்மதித்தார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நான் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் தவறு முழுக்க அவருடையது இல்லை. என் பங்கும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

காகிதத்தில் போட்ட கணக்கு

தம்பிக்கு வயது 31. ரேக்குகளுக்கு நடுவே நடந்து ஆர்டருக்கு வேண்டிய பொருளை எடுத்துச் சேர்க்கும் பிக்கிங் வேலை. நடுவில் அரை மணி இடைவேளை போக நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 5 நாள், ஆக 40 மணி நேரம். தலைக்கு மேல் இரண்டு கடன். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மாலை 5 முதல் 9 வரை ஆள் தேவைப்பட்டது. பில் போட வேண்டும், கூட்டம் இல்லாத நேரத்தில் சரக்கை இறக்கி அடுக்க வேண்டும். வாரம் 6 நாள், 24 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 64.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்றது அது. பின்னாளில் தம்பியிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"பக்கவாதம் வரும்போது வரட்டும் அண்ணே. தவணை அஞ்சாம் தேதியே வந்துடுது."

அதோடு அந்தப் பேச்சை விட்டேன். கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவரிடம் இருபது வருடம் கழித்து வரும் நோயைப் பேசிப் பயனில்லை. நாளைக் காலை என்ன ஆகும் என்று பேசினால்தான் காதில் ஏறும்.

அவருடைய நாள் இப்படி ஓடியது. 3.40-க்கு அலாரம். 4.10-க்குக் கிளம்பி 4.55-க்குக் கிடங்கு. 1.30-க்கு வெளியே வந்து, வீடு சேர 2.15. சாப்பிட்டுவிட்டு 2.45-க்குப் படுத்தால் 4.15-க்கு இன்னொரு அலாரம். 5-க்குக் கடை. 9-க்குக் கடையை விட்டு, வீட்டில் குளித்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் போனைப் பார்த்துத் தூங்கும்போது 11 ஆகிவிடும். இரவுத் தூக்கம் நாலே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. மதியம் ஒரு மணி நேரம் கண் அயர்ந்தால் உண்டு. கூட்டினால் ஐந்தே முக்காலைத் தாண்டாது. "ஆறு மணி நேரம் தூங்குறேன் அண்ணே, போதாதா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் நம்பித்தான் கேட்டார்.

மூன்று பெட்டி, நாலு என்று அழுத்தியது

முதல் மாதம் எதுவும் தெரியவில்லை. சொல்லப்போனால் முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார். கையில் கூடுதல் பணம் வரும்போது உடம்பு கொஞ்ச நாளைக்கு ஒத்துழைக்கத்தான் செய்யும்.

இரண்டாவது மாதம் பேக்கிங் மேசையிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. ஸ்கேனர் வைத்து வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த அடுக்கு என்று திரை காட்டும். அடுக்கின் பார்கோடையும் பொருளின் பார்கோடையும் ஸ்கேன் செய்யாமல் அது மேலே போக விடாது. ஆகவே தப்பான பொருளை எடுப்பது கஷ்டம். எண்ணிக்கை மட்டும் மனிதன் கையில் இருக்கிறது. தம்பி சரியான அடுக்கில் சரியான பொருளைத்தான் எடுப்பார். 4 பெட்டி எடுக்க வேண்டிய இடத்தில் 3 எடுத்துவிட்டு, திரையில் தெரியும் 4-ஐ அப்படியே அழுத்துவார். ஸ்கேனர் பீப் என்று ஒப்புக்கொள்ளும். கண் திரையில் இருக்கும், கை பெட்டியில் இருக்கும், எண்ணுகிறவர் மட்டும் அங்கே இருக்க மாட்டார்.

நேரத்தைப் பிரித்துப் பார்த்தபோது தவறுகள் இரண்டு இடத்தில் குவிந்திருந்தன. ஷிப்ட்டின் முதல் முக்கால் மணி நேரம் ஒன்று, 11.30-க்கு மேல் இன்னொன்று. நடுவே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முதலாவதற்குக் காரணம் சுலபம். இரவில் தூங்கிப் பழகிய உடம்பின் வெப்பநிலை விடிவதற்கு முந்தைய மணிகளில்தான் மிகக் கீழே இறங்குகிறது, கவனமும் அதோடு இறங்குகிறது. இரண்டாவது, மதியம் எல்லோருக்கும் வரும் தொய்வு. நன்றாகத் தூங்கியவருக்கு அது ஒரு கொட்டாவியோடு போய்விடும். தூக்கத்தில் பாக்கி வைத்திருப்பவருக்குப் போகாது.

அப்புறம் அந்த நாள். மணி 12.50 இருக்கும். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் உயரமான மேடையை டாக் என்போம். அங்கே நின்ற லாரி கிளம்பிப் போயிருந்தது. ஷட்டர் திறந்தே கிடந்தது, தடுப்புச் சங்கிலியை யாரும் மாட்டவில்லை. அது என் ஷிப்ட்டின் தவறு, அதைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். தம்பி ஹேண்ட் பேலட் டிரக்கை, அதாவது பேலட் என்னும் பலகையில் அடுக்கிய சரக்கை இழுக்கும் கைவண்டியை, தன் பக்கம் இழுத்தபடி பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். லாரி அங்கேயே நிற்கிறது என்ற நினைப்பு. ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றிக்கொண்டிருந்தவர் போட்ட சத்தத்தில் நின்றார். குதிகாலுக்கும் டாக் விளிம்புக்கும் நடுவே இரண்டு ஜாண். பேலட் அதே வேகத்தில் வந்திருந்தால் அவர் கீழே, சரக்கு அவர் மேலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த இரண்டு ஜாண் இல்லை. சத்தம் கேட்டு நின்றவர், ஏன் நிறுத்தினார்கள் என்று தெரியாமல் அப்படியே நின்றார். நாலைந்து விநாடி கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை. பயப்படுவதற்குக்கூட மூளை அவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது.

விசாரணை, மெமோ எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன்.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?"

"பதினொண்ணு இருக்கும் அண்ணே."

"ஒன்றரைக்கு இங்க முடியுது. பதினொண்ணு வரைக்கும் என்ன பண்றே?"

கொஞ்ச நேரம் தண்ணீர் பாட்டிலின் மூடியையே திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

ஏன் மறைத்தார்

வேலை நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி வேறு எங்கும் வேலை பார்க்கக் கூடாது என்று. பார்க்கவே கூடாது என்று அவர் படித்துக்கொண்டார். பெரும்பாலானோர் அப்படித்தான் படிக்கிறார்கள். அனுமதியின்றி என்றால், அனுமதி கேட்க ஒரு வழி இருக்கிறது என்றும் அர்த்தம். சில கடிதங்களில் முழுத் தடையே இருக்கும், சில நாடுகளில் சட்டமே தடுக்கும். ஆகவே வரியை ஒழுங்காகப் படிப்பதுதான் முதல் வேலை. இவர் விஷயத்தில், கேட்டபோது ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட்டார்கள். போட்டி நிறுவனமாக இருக்கக் கூடாது, இரண்டு வேலைக்கும் நடுவே போதுமான ஓய்வு இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை.

மறைத்ததால் வந்த கெடுதல் இன்னொன்று. என்னிடம் ஒன்றும் சொல்ல முடியாத நிலையில் இருந்ததால், நான் கேட்டதற்கெல்லாம் சரி என்றார். மதியம் 1 மணிக்குப் போய், "தம்பி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்க முடியுமா?" என்பேன். இருப்பார். அந்த மாதங்களின் ஓவர்டைம் பதிவை எடுத்துப் பார்த்தேன். என் ஷிப்ட்டிலேயே அதிகம் நின்றது அவர்தான். இல்லை என்று சொல்லத் தெரியாதவரிடம்தான் நாங்கள் முதலில் போய் நிற்போம். அவர் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்ற ஒவ்வொரு நாளும் மதியத் தூக்கம் அடியோடு போயிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். ஓவர்டைம் கிடைக்கிறதே, பிறகு எதற்கு வெளியே இன்னொரு வேலை? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் ஆண்டின் முதலாவது உடன்படிக்கையே ஓவர்டைமுக்குச் சாதாரணக் கூலியைப்போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்கிறது. போக்குவரத்துச் செலவும் இல்லை. ஆனால் ஓவர்டைம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மதியம் ஒரு மணிக்குச் சொல்லும் வேலையை நம்பி மாதத் தவணைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கடை வேலையில் பணம் குறைவு, ஆனால் நிச்சயம். தம்பி அதைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை.

குறிப்பு எழுதச் சொன்னேன்

வீணான லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் தினமும் ஐந்து விஷயம் எழுதினார். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், மதியத் தூக்கம், காப்பி. இரண்டு வாரத்தில் படம் தெளிவாகிவிட்டது.

அவர் நம்பிக்கொண்டிருந்த அந்த ஆறு மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன். 2003-இல் ஹான்ஸ் வான் டாங்கனும் டேவிட் டிங்கஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சிலரை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டும் தூங்க விட்டார்கள். முடிவில் அவர்களுடைய கவனச் சோதனை, ஓரிரு இரவு கொஞ்சமும் தூங்காதவர்களுடையதற்கு ஈடாகச் சரிந்திருந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த விஷயம். தூக்கம் வருகிறதா என்று கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவே இல்லை. கவனம் இறங்கிக்கொண்டே போனது, இறங்குவது அவர்களுக்குத் தெரியவில்லை. டாக்கில் அன்று நான் பார்த்த முகம் அதுதான். 'பழகிவிட்டது' என்று ஒருவர் சொன்னால் இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.

அடுத்தது வண்டி. 3.40-க்கு எழுந்தவருக்கு இரவு 8.40 ஆகும்போது விழித்து 17 மணி நேரம். டாசனும் ரீடும் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. மதியம் தூங்க முடியாமல் போன நாட்களில், தம்பி சரியாக அந்த நிலையில்தான் கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். குடிப்பழக்கமே இல்லாத ஆள்.

காப்பியில் நான் எதிர்பார்த்ததைவிட விஷயம் இருந்தது. 4.30-க்கு ஒன்று, கடையில் 7 மணிக்கு இன்னொன்று. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. 400 என்பது பெரிய அளவு, தம்பி குடித்தது அவ்வளவு இருக்காது. ஆனாலும் 7 மணிக் காப்பியின் பாதி, அவர் கண்ணை மூடும்போது உள்ளேதான் இருந்திருக்கும்.

முதுகு வலியைப் பற்றி அவர் எழுதவில்லை, நான்தான் கேட்டேன். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், கையால் தூக்கும் எடைக்கு ஒரு சமன்பாடு வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் அதிகபட்சம் 23 கிலோ. குனிந்தால், திரும்பினால், அடிக்கடி தூக்கினால் அது இறங்கிக்கொண்டே வரும். அந்தச் சமன்பாட்டில் மிக நீண்ட வேலை என்று எடுத்துக்கொள்வதே 2 முதல் 8 மணி நேரம்தான். காலையில் 8 மணி நேரம் தூக்கிவிட்டு மாலையில் கடையில் சரக்கு அடுக்குபவர் எந்தக் கட்டத்தில் வருவார் என்றால், எதிலும் வர மாட்டார்.

மூன்று முயற்சி

முதல் யோசனை என்னுடையது, படுதோல்வி. கடைக்காரரிடம் பேசி நேரத்தை 4 முதல் 8 வரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு, 9 மணிக்கே படுத்துவிடு என்றேன். ஒரு வாரம் கழித்துத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். படுத்தது 9, 9, 9.10, 9. தூங்கியது 10.45, 11, 10.30, 10.50.

"படுத்தா போதுமா அண்ணே, தூக்கம் வர வேணாமா?"

அவர் சொன்னதுதான் சரி. தூக்கத்தை இரண்டு விஷயம் சேர்ந்து ஆள்கிறது என்று அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் விளக்கினார். விழித்திருக்க விழித்திருக்கச் சேரும் தூக்க அழுத்தம் ஒன்று. அதைப் பற்றிக் கவலைப்படாமல் தன்பாட்டுக்கு ஓடும் உடல் கடிகாரம் இன்னொன்று. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று மணி நேரம்தான் அந்தக் கடிகாரம் நம்மை மிகத் தீவிரமாக விழித்திருக்க வைக்கும் நேரம். இஸ்ரேலில் பெரெட்ஸ் லாவி 1986-இல் இதற்குத் 'தடை செய்யப்பட்ட பகுதி' என்றே பெயர் வைத்தார். 11-க்குத் தூங்கிப் பழகியவரை 9-க்குப் படுக்கச் சொன்னால், கதவு நன்றாகப் பூட்டியிருக்கும் நேரம் பார்த்துத் தட்டச் சொல்வதாகும். என்ன அசதி இருந்தாலும் திறக்காது. விடிகாலை ஷிப்ட்காரர்கள் பலர் "எனக்குத் தூக்க வியாதி" என்று நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கடிகாரத்தையே முன்னால் தள்ள வேண்டும். அதற்குத் தடையாக இருந்தது வேலை நாள் இல்லை, விடுமுறை நாள். இரண்டு விடுமுறையிலும் தம்பி காலை 9 வரை தூங்கினார். பாக்கியைத் தீர்க்கிறார் என்று நானும் நல்லதாகவே நினைத்தேன். டில் ரோனெபெர்க் குழுவினர் 2006-இல் 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயரிட்டது இதைத்தான். எழும் நேரத்தை வைத்துப் பார்த்தால், வாரா வாரம் ஐந்து மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் பறந்து போய் இரண்டு நாளில் திரும்பி வருகிற மாதிரி.

வெளிச்சத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் தள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கும் புள்ளிக்குப் பிறகு பட்டால்தான் தள்ளும், அதற்கு முன் பட்டால் பின்னால் இழுக்கும். அந்தப் புள்ளி, தானாக விழிப்பு வரும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வரும். விடுமுறையில் 9 வரை தூங்கும் உடம்புக்கு அது 6, 7 மணியாகக்கூட இருக்கலாம். அப்படியானால் 5 மணிக்குக் கிடங்கின் பளீர் விளக்குக்குள் நுழைவது, அவரை இன்னும் தாமதமாகத் தூங்குபவராகத்தான் ஆக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முயற்சி அவருடைய யோசனை. கடையை வார நாட்களில் விட்டுவிட்டு, இரண்டு விடுமுறையிலும் 10 மணி நேரம் வீதம் பார்ப்பது. மூன்று வாரம் தாங்கினார். மொத்தம் 60 மணி நேரம், முழு ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. வேலை நாளில் தூக்கம் கூடியது உண்மை. ஆனால் கடையில் இரவு வெகுநேரம் வரை நின்றதால் விடுமுறை முடிந்து வரும் முதல் காலை பழையபடியே இருந்தது. முதுகும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதில் கணக்கைத் திருப்பிப் போட்டோம். வேலை எப்போது முடிகிறது, மிச்சம் எவ்வளவு என்று முன்னோக்கி எண்ணாமல், அலாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினோம். எழ வேண்டியது 3.40. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் இரண்டு 2015-இல் பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் என்றன. அப்படியானால் 8.40-க்குத் தூங்கியிருக்க வேண்டும். படுக்க 8.15, 8.30. அதற்கு முன் வீட்டுக்காக, குழந்தைக்காக, சாப்பாட்டுக்காக இரண்டரை மணி நேரம். ஆக 6 மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது வேலைக்குக் கிடைப்பது ஒன்றரைக்கும் ஐந்தேகாலுக்கும் நடுவே உள்ள துண்டு மட்டும். கையில் பாதி நாள் இருக்கிறது என்று நினைத்த இடத்தில் உண்மையில் இருந்தது மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

அந்தத் துண்டுக்குள் அடங்குகிற, உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்க ஆறு வாரம் ஆனது. கிடங்குக்கு அருகிலேயே ஒரு சிறிய கணக்கு அலுவலகம். பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். 2.15 முதல் 5.15 வரை, வேலை நாட்களில் நாலு நாள், வாரத்துக்கு 12 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 52. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலை நேர விதி, 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு கேட்கிறது. பழைய ஏற்பாட்டில் இரவு 9-க்கும் காலை 5-க்கும் நடுவே இருந்தது 8 மணி நேரம். புதியதில் 11.45. அந்த விதி எங்களைக் கட்டுப்படுத்தாது, அளந்து பார்க்க ஒரு கோலாக எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

படுக்கும் நேரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வீதம் முன்னால் கொண்டுவந்தார். விடுமுறையில் 5.30-க்கு மேல் படுக்கையில் இருப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அவருக்குப் பிடிக்காத விதி இது ஒன்றுதான். இரவு 7-க்கு மேல் வீட்டில் பெரிய விளக்கை அணைத்துவிடுவார். காப்பி காலை 10 மணியோடு சரி. மதியம் ஷிப்ட் முடிந்ததும் ஓய்வறையில் நாற்காலியைச் சாய்த்து 20 நிமிடத் தூக்கம், அலாரம் வைத்து. நாசா நீண்டதூர விமானிகளை வைத்து நடத்திய சோதனையில் அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம்தான், கவனம் கூட அதுவே போதுமாக இருந்தது. முன்பு வீட்டில் ஒரு மணி நேரம் தூங்கி ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழுந்தபோது தலை கனத்ததே, அது இதில் இல்லை.

நான் மாற்றியது ஒன்று. ஓவர்டைம் வேண்டுமென்றால் முந்தைய நாளே கேட்பது, மறுத்தால் காரணம் கேட்காமல் விடுவது. இதை ஷிப்ட் முழுக்கவே வைத்துக்கொண்டேன். நாலு பேர் உடனே மறுக்க ஆரம்பித்தார்கள். மேலிடத்தில் எனக்குக் கொஞ்சம் திட்டு விழுந்தது.

எட்டு வாரக் குறிப்புகள் சொன்னது

ஏழு மணி நேரம் வரவில்லை. எட்டாவது வாரக் கடைசியில் சராசரியாக ஆறரையைத் தாண்டி நின்றது, அதோடு மதியத்தின் 20 நிமிடம். முதல் முக்கால் மணி நேரத் தவறுகள் ஓரளவுக்குத்தான் குறைந்தன. 11.30-க்கு மேல் வருபவை ஏறக்குறைய நின்றுவிட்டன. விடிகாலைத் தொய்வை முழுக்க ஒழிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு எண்ணிக்கை குறைந்த ஆர்டர்களைக் கொடுத்தேன். இதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, பொது அறிவு.

பணம்? 24 மணி நேரம் 12 ஆகும்போது வருமானம் பாதியாகும் என்று பயந்தார். உட்கார்ந்து கூட்டிக் கழித்தோம். கடை வேலை பார்த்த மாதங்களில் மூன்று நாள் தாமதமாக வந்ததில் கிடங்கின் வருகை ஊக்கத்தொகை போயிருந்தது, ஒரே ஒரு தாமதத்துக்கு அந்த மாதத் தொகை முழுதும். அது திரும்பி வந்தது. அலுவலகத்தில் மணிக்கூலி சற்று அதிகம். வீட்டுக்கும் கடைக்கும் ஓடிய பெட்ரோல் மிச்சம். எல்லாம் போகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. அது சின்னக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய கடன் முடிய நாலு மாதம் கூடுதலாகப் பிடித்தது, அந்த நாலு மாத வட்டியையும் அவர்தான் கட்டினார்.

வீட்டில் கொடுத்த விலை தனி. எட்டரைக்கு அறைக் கதவைச் சாத்தும்போது மகள் இன்னும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். முதலில் அழுதாளாம். அப்புறம், எழுதி முடித்த நோட்டைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டுப் போகப் பழகிவிட்டாள். 3.40-க்கு எழுந்ததும் தம்பி முதலில் செய்வது, தரையில் கிடக்கும் நோட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அவள் பையில் வைப்பது.

போன மாதம் ஷிப்ட் நேரம் 4.30-க்கு மாறப்போகிறது என்று பலகையில் ஒட்டினார்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அவரே ஒரு லேபிள் தாளோடு வந்தார். பின்பக்கத்தில் நேரங்களைக் கீழிருந்து மேலாக எழுதியிருந்தார். 3.10-இல் தொடங்கி மேலே ஏறி ஏறி 4.45-இல் நின்றது.

"ஆபீஸ்ல பேசிட்டேன் அண்ணே. நாலே முக்காலுக்கு விட்டுடறேன்னுட்டாங்க. இந்தப் பக்கம் ஒரு மணிக்கு நீங்க விடுவீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."